ஆச்சியின் புகையும் பங்க் பேனரும்

2016ல், ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்த புதிதில், ஊருக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றடிக்க நின்றிருந்தேன். எதிரே பெரிய பேனர். சேலை கட்டிய ஒரு அம்மா, பக்கத்தில் பிரதமர். எனக்கு உடனே ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் நனைந்த விறகு லேசில் பிடிக்காது, ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே உலையில் அரிசி போடுவாள். அந்த நிமிஷம் யாராவது கையெழுத்து கேட்டிருந்தால் எதற்கென்று கேட்காமலே போட்டிருப்பேன்.

இத்தனைக்கும் ஆச்சி வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது 2007ல், கருணாநிதி ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு. உஜ்வலாவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் மனசு நன்றியைக் கொண்டுபோய் அந்த பேனரில் வைத்தது பாருங்கள்!

உஜ்வலாவுக்கு முந்தைய வருடம் ‘கிவ் இட் அப்’ என்று ஒன்று ஓடியது. நீங்கள் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு ஏழைத் தாயின் சமையலறையில் புகை போகும் என்றார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள், சென்னையில் சம்பளம் வாங்குகிற பெருமையில் நானும்தான். 2020 மே மாதத்துக்கு அப்புறம் விட்டுக்கொடுக்காதவர்களுக்கும் மானியம் ஏறக்குறைய நின்றே போனது. அதற்கு யாரும் பேனர் வைக்கவில்லை.

ஆச்சி பட்ட பாடு நிஜம், கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு போனதும் நிஜம். சரி, அப்புறம்? அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்கும் கடன் வாங்கிய வீடுகளில், அடுத்தடுத்த சிலிண்டர்களின் மானியத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உஜ்வலா வீடுகள் வருடத்துக்குச் சராசரியாக வாங்கியது 3.21 சிலிண்டர்தான் என்று 2019ல் வந்த, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வந்தாலே பெரிய விஷயம். அப்படியென்றால் மிச்ச மாதங்களில் அங்கே எரிந்தது என்ன? பேனரைப் பார்த்து ஆச்சியை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்றைக்குக் காற்றடித்துவிட்டு பைபாஸில் ஏறினால், கொஞ்ச தூரத்திலேயே ‘விறகு அடுப்புச் சமையல்’ என்று ஒரு போர்டு. பங்கில் எதை ஒழிப்பதாகச் சொன்னார்களோ அதே புகைக்கு இங்கே தனி விலை! வண்டியை நிறுத்தினேன், வேறென்ன. கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது, அடுப்படியில் ஒரு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.