கிணறு ஊறும் வேகம்: என் டபிள்யூ பிரைமை அளந்து பார்த்த இரண்டு மாதம்

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை சைக்கிளில் ஏறுவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். வால்பாறை வரை மொத்தம் 40 வளைவுகள். எனக்கு ஒன்பது போதும். அங்கே நின்றால் அணை முழுக்கத் தெரியும், சில நாள் வரையாடும் நிற்கும்.

மார்ச்சில் ஒரு நாள் ஏறி வந்து, பவர் மீட்டர் பதிவைக் கோல்டன் சீட்டா என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஆறாவது வளைவிலேயே என் டபிள்யூ பிரைம், அதாவது கடும் உழைப்புக்கான சேமிப்பு, பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டதாகக் கோடு காட்டியது. அதற்கப்புறமும் மூன்று வளைவு ஏறியிருக்கிறேன். உடம்பில் இல்லாததை எப்படிச் செலவழிக்க முடியும்? அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கிரிட்டிக்கல் பவர் என்பது நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடும் உழைப்பின் எல்லை. அதற்கு மேல் மிதிக்கும் ஒவ்வொரு வாட்டும் ஒரு சேமிப்பிலிருந்து கழிகிறது. ஜூலில் அளக்கிற அந்தச் சேமிப்புதான் டபிள்யூ பிரைம். இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்கள் மோனோ, ஷெரர் என்ற இருவர், 1965இல். இரண்டு சோதனை போதும். நான் 3 நிமிடம் 300 வாட், 12 நிமிடம் 240 வாட் தாங்கினேன். வேலை முறையே 54,000 ஜூல், 1,72,800 ஜூல். வித்தியாசம் 1,18,800 ஜூல். அதை 540 வினாடியால் வகுத்தால் 220 வாட். அதுதான் என் எல்லை. 54,000இல் 220 வாட் வீதம் 180 வினாடிக்கு 39,600 ஜூலைக் கழித்தால் மிச்சம் 14,400. அதுதான் என் சேமிப்பு.

செலவுக் கணக்கு இவ்வளவு சுலபம். வரவுக் கணக்கில்தான் சிக்கல். ஸ்கிபா குழு 2012இல் கொடுத்த சூத்திரம், எல்லைக்குக் கீழே சராசரியாக எத்தனை வாட் இறங்கி மிதிக்கிறோம் என்பதை வைத்து ஒரு மீட்பு நேரத்தைத் தருகிறது: 546-ஐ, இறங்கிய வாட்டில் நூறில் ஒரு பங்குக்கு ஏற்ப அடுக்குக்குறி முறையில் குறைத்து, 316 கூட்ட வேண்டும். நான் 120 வாட்டில், அதாவது எல்லைக்கு 100 வாட் கீழே, இளைப்பாறினால் 517 வினாடி. காலியான சேமிப்பில் 63 சதவீதம் திரும்ப அவ்வளவு நேரம். இன்னொரு முறை, அதே மீட்பு நேரத்துக்குச் சேமிப்பை இறங்கிய வாட்டால் நேராக வகுத்துவிடும்: 14,400-ஐ 100ஆல் வகுத்தால் 144 வினாடி. ஒரே உடம்புக்கு இரண்டு பதில், அதுவும் மூன்றரை மடங்கு வித்தியாசத்தில்!

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று, சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்கும் ட்ரெய்னரில் உட்கார்ந்தேன். 300 வாட்டில் கால் நிற்கும் வரை மிதி, 120 வாட்டில் இளைப்பாறு, மறுபடி 300 வாட்டில் முடியும் வரை மிதி. இரண்டாம் முறை தாங்கிய வினாடியை, எல்லைக்கு மேலே உள்ள 80 வாட்டால் பெருக்கினால் திரும்பி வந்த ஜூல். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி. எல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு, ஏனென்றால் ஏப்ரல் வெயிலில் என் வாட் விழுந்துவிடும். ஒரு நாள் பாதியில் கரண்ட் போய் ஃபேன் நின்றது. அன்றைய எண்ணைச் சேர்க்கவில்லை.

2 நிமிட ஓய்வுக்கு 70 வினாடி கிடைத்தது, அதாவது முழு 180 வினாடியில் 39 சதவீதம். 5 நிமிடத்துக்கு 104 வினாடி, 58 சதவீதம். 10 நிமிடத்துக்கு 135 வினாடி, 75 சதவீதம்.

முதல் சூத்திரப்படி 2 நிமிடத்தில் 21 சதவீதம்தான் வந்திருக்க வேண்டும், இரண்டாவதன்படி 57. நான் நடுவில். ஆனால் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. என் எண்களிலிருந்து மீட்பு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 2 நிமிட ஓய்வுக்கு 243 வினாடி, 5 நிமிடத்துக்கு 346, 10 நிமிடத்துக்கு 433. அது ஒரே எண்ணாக நிற்கவில்லை.

கோட்டூர் தோட்டத்தில் அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பா) இதைச் சொன்னபோது அவர் கிணற்றைக் காட்டினார். "எறைச்ச கெணறு மொதல்ல வெரசா ஊறும் கண்ணு. மேல வர வர மெதுவாத்தான் ஏறும்." எவ்வளவு காலியோ அவ்வளவு வேகம்: சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது. என் உடம்பு அதற்கும் ஒரு படி மேலே, ஆரம்பத்தில் இன்னும் விரைவாக, கடைசியில் இன்னும் மெதுவாக ஊறுகிறது. காரணம், இந்தச் சேமிப்பு ஒரே பொருள் இல்லை என்று நினைக்கிறேன். தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி எரிபொருள் சில நிமிடங்களில் திரும்பிவிடும். மிதித்ததில் சேர்ந்த கழிவுகள் அகல அதைவிட நேரமாகும். ஃபெர்குசன் குழு 2010இல் அளந்ததும் இதே மாதிரிதான்: 20 வாட் ஓய்வில் 2 நிமிடத்துக்கு 37, 6 நிமிடத்துக்கு 65, 15 நிமிடத்துக்கு 86 சதவீதம். அதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மலை வளைவுகளுக்கு நடுவே எனக்குக் கிடைக்கும் ஓய்வு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. ஆகவே மார்ச் பதிவை எக்ஸெல்லில், மீட்பு நேரத்தைச் சுமார் 240 வினாடியாக வைத்து மறுபடி ஓட்டினேன். கோடு பூஜ்ஜியத்தைத் தொடவில்லை. எட்டாவது வளைவில் 900 ஜூல் வரை இறங்கி, பிறகு ஏறியது. அன்றைக்கு நான் கைப்பிடியில் தலை சாய்த்ததும் எட்டாவதில்தான்.

ஆனாலும் அந்த 240 வினாடி 120 வாட் ஓய்வில் அளந்தது. மலையில் நான் இளைப்பாறுவது 170 வாட் அளவில், அங்கே ஊறுவது இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் அதே சோதனையை 170 வாட்டில் செய்கிறேன். ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ரோட்டு எண்களை நம்ப முடியாது. அதற்குள் மலையில் இன்னொரு முறை ஏறிப் பார்த்துவிட வேண்டும்.