தெரிந்திருந்தும் சொல்லாத பதில்

"தெரிஞ்சிருந்தும் ஏன் அண்ணா சொல்லேல்ல?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்ட விதம் மனதை விட்டுப் போகவில்லை.

நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் அறைப் பதிவு வேலை. ஜாவாவில் மென்பொருள் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட் என்ற கருவித்தொகுப்பில் செய்துகொண்டிருந்தோம். தங்கச்சிக்கு ஜாவா நன்றாகத் தெரியும், ஸ்பிரிங் புதுசு. சோதித்துப் பார்க்கையில், காசு கட்டும் இடத்தில் பிழை வந்தாலும் அறை மட்டும் பதிவாகி நின்றது. மே முதல் செப்டம்பர் வரையான சீசனில் ஒரு அறை இப்படி வீணே அடைபட்டுக் கிடந்தால் ஹோட்டல்காரர் சும்மா விடுவாரா?

அவள் எழுதிய புரோகிராம் கோடைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ட்ரான்சாக்ஷனல் அனொடேஷன், அதாவது எல்லாப் படியும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது என்ற குறி, போட்ட மெதட்டை அதே கிளாஸுக்குள் இருக்கும் இன்னொரு மெதட்டிலிருந்து கூப்பிட்டிருந்தாள். ஸ்பிரிங் நம்முடைய ஒப்ஜெக்டுக்கு முன்னால் ஒரு புரொக்சியை நிறுத்துகிறது. வெளியிலிருந்து அதன் வழியாக வரும் அழைப்புக்குத்தான் ட்ரான்சாக்ஷன் தொடங்கும். உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டால், வாசல் காவலாளிக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியாத மாதிரி, புரொக்சிக்கு ஒன்றும் தெரியாது. எரரும் வராது. அறையைச் சேமிக்கும் வரி தன்பாட்டில் கொமிட் ஆகி, டேட்டாபேஸில் நிலைத்துவிடும்.

சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. "ஆர் ஆரைக் கூப்பிடுறது எண்டு பாருங்கோ தங்கச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூதூர் பஸ் நேரம் வரைக்கும் தேடினாள். அடுத்த நாளும் தேடினாள். கடைசியில் அந்த மெதட்டை வேறொரு கிளாஸுக்கு மாற்றி, டிபக்கரில் ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, எது எதைக் கூப்பிட்டது என்று காட்டும் கோல் ஸ்டாக்கைப் பார்த்தாள். முன்பு இல்லாத, ட்ரான்சாக்ஷனைத் தொடங்கிவைக்கும் 'ட்ரான்சாக்ஷன் இன்டர்செப்டர்' என்ற வரி இப்போது நடுவில் இருந்தது. அவளே கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"தேடிக் கண்டுபிடிச்சால்தான் மறக்காது" என்றேன்.

அது பொய்யில்லை. ரொட் ஜோன்சன் என்ற மென்பொருளாளர் 2002இல் தன் புத்தகத்துக்காக எழுதிய கோடிலிருந்து வளர்ந்து, 2004இல் 1.0 ஆக வந்தது ஸ்பிரிங். ஜாவா நிறுவன மென்பொருளின் பாரத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். பாரத்தை அது சுமக்கிறது என்றால், எப்படிச் சுமக்கிறது என்பது நம் கண்ணிலிருந்து மறைகிறது என்றும் அர்த்தம். மூலக்கோடு திறந்தே கிடக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். அப்போது திருகோணமலையில் எனக்குக் கேட்க ஆளில்லை.

ஆனால் எனக்கு ஆளில்லாமல் போனது, அவளுக்குச் சொல்லாமல் விட ஒரு காரணமாகுமா? அவளுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே நான் இருந்தேன். கற்பிப்பதற்காக மௌனமாக இருந்தேனா, எனக்குத் தெரியும் என்ற மிதப்பில் இருந்தேனா? நினைக்கும் நேரத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அடுத்த பொறியை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். செக்ட் எக்செப்ஷன், அதாவது கையாளச் சொல்லி ஜாவா கட்டாயப்படுத்தும் பிழை, வந்தால் ஸ்பிரிங் வழக்கத்தில் ரோல்பெக் செய்யாது, செய்ததைத் திருப்பி எடுக்காது; ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டும்தான் செய்யும். குறித்துக்கொண்டாள். இப்போது அவளுடைய கோடில் எல்லா இடத்திலும், எந்தப் பிழைக்கு ரோல்பெக் செய்வது என்று சொல்லும் 'ரோல்பெக்ஃபோர்' இருக்கிறது, தேவையில்லாத இடங்களிலும். விளங்கிப் போடுகிறாளா, நான் சொன்னதற்காகப் போடுகிறாளா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதுவும் ஒரு பரீட்சை ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.