வித்தியாசத்தைப் பங்கு போடுகிறவர்கள்

நிலத்தடிச் சுரங்கத்தில் அளவு பொருந்தவில்லை என்றால் முதல் பழி கருவியின் மேல்தான் விழும். கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனைச் சர்வீசுக்கு அனுப்பச் சொல்வார்கள். அது பளபளவென்று துடைக்கப்பட்டுத் திரும்பி வரும். வித்தியாசம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த வழி இன்னும் மோசம். புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே கிளம்பிய புள்ளிக்கே சுற்றி வந்து சேரும்போது விழும் வித்தியாசத்தை, புள்ளிகளுக்கு இடையே அளந்த எல்லாக் கோடுகளுக்கும் பங்கு போட்டுவிடுவது. கணினி இதை நொடியில் செய்து, படத்தை அழகாக மூடிக் காட்டும்.

செட்டிநாட்டில் வளர்ந்தவனுக்கு இதை ஏற்க மனம் வராது. பர்மாவில் கணக்கு எழுதிப் பழகிய எங்கள் ஐயா, ஐந்தொகை நேராகாவிட்டால் வித்தியாசத்தை மற்றக் கணக்குகளில் தூவ விடமாட்டார். வித்தியாசத்தையே விசாரிக்கச் சொல்வார். ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். பாதியாக்கிப் பார், அந்தத் தொகை வரவுக்குப் பதில் பற்றில் ஏறியிருக்கலாம்.

வடக்கே சுரங்கங்களில் சர்வேயராக இருந்த காலம் முழுவதும் எனக்கு உதவியது இந்தப் புத்திதான். ஒரு முறை இரண்டு மட்டங்களுக்கு இடையே உயரம் 2.8 மீட்டர் இடித்தது. பாதி 1.4. நிலத்தடியில் நம் புள்ளி தரையில் இல்லை, கூரையில் அடித்த முளையில் இருக்கிறது. கருவி அதற்குக் கீழே நிற்கிறது. ஆகவே கருவி உயரத்தைக் கழிக்க வேண்டும். புதிதாக வந்தவர் தரைமேல் பழக்கத்தில் கூட்டியிருந்தார். குறிப்பேட்டில் 1.4 மீட்டர் கருவி உயரம் எங்கே இருக்கிறது என்று தேடியதோடு வேலை முடிந்தது.

கோணப் பிழைதான் உண்மையில் ஆளை அலைக்கழிப்பது. என் அக்காள் மகன் இப்போது அதே தொழிலில் இருக்கிறான். "அம்மான், எத்தனை முறை அளந்தாலும் உள்ளே போகப் போகப் பாதை ஒரே பக்கம் விலகுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு" என்று சென்ற ஆண்டு புலம்பினான். பாதை எங்கே திரும்புகிறது என்று கேட்டேன். குறுக்குப் பாதைக்குள் திரும்பும் இடத்தில் ஐந்து மீட்டர் நீளமே உள்ள ஒரு கோடு இருந்தது. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் காற்றுக் கதவும் அதன் பக்கத்திலேயே.

கூரை முளையிலிருந்து நூலில் தொங்கும் குண்டுக்கு நேர் கீழே கருவியை நிறுத்துகிறோம். காற்றில் குண்டு ஆடி, ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தவறினால், 50 மீட்டர் கோட்டில் அது 4 விநாடிக் கோணம் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விநாடி). பொருட்படுத்த வேண்டாம். 5 மீட்டர் கோட்டில் 41 விநாடி. அந்தக் கோணத்தோடு 500 மீட்டர் உள்ளே போனால் பத்து சென்டிமீட்டர் விலகி நிற்போம். தொலைநோக்கியைப் புரட்டி இடமுகம், வலமுகம் இரண்டிலும் கோணத்தைப் படித்துச் சராசரி எடுத்தாலும் இது போகாது. அந்த முறை கருவிக்குள் இருக்கும் குறையைத்தான் நீக்கும், கருவி நிற்கும் இடத்தின் குறையை அல்ல. முப்பது முறை படித்தாலும் தவறான இடத்திலிருந்து மிகத் துல்லியமாகப் படித்ததாகத்தான் ஆகும்.

தூரப் பிழைக்குக் குணம் வேறு. காற்றின் வெப்பநிலையைத் தவறாகக் கொடுத்தால் பிழை நீளத்தோடு வளரும். கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிஸத்துக்கென்று தூரத்தில் சேர்க்க வேண்டிய நிலையான திருத்தத்தை, அதாவது அதன் மாறிலியைத் தவறாகக் கொடுத்தால் பத்து மீட்டருக்கும் நூறு மீட்டருக்கும் ஒரே அளவு பிழை. காரைக்குடியில் மனை அளக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வந்தபோது, எங்கள் வீட்டிலேயே சோதித்தோம். முகப்பிலிருந்து வளவு என்னும் நடுமுற்றம் தாண்டிப் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடு வேறு எதற்கு? வெயில் வளவில் இறங்கினால் பார்வைக் கோடு துடிக்கும் என்பதால் விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள். இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகையிலிருந்து முழு நீளத்தைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். மூன்று சென்டிமீட்டர் வந்தது. பிரிஸம் ஒரு கம்பெனியுடையது, கருவியில் இருந்த மாறிலி இன்னொரு கம்பெனியுடையது.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் தவறினால், சுற்றி வந்து மூடும் கணக்கு அருமையாக மூடிக்கொள்ளும். படம் முழுவதுமே சற்றுச் சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கும், அவ்வளவுதான். ஒற்றை நீளம் தவறியிருந்தால் மட்டும் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்: மூடாத இடைவெளி எந்தத் திசையில் கிடக்கிறதோ, அதே திசையில் ஓடும் கோட்டை முதலில் போய் அளக்க வேண்டும். பங்கு போட்டுவிட்டால் இந்தச் சாட்சியும் அழிந்துவிடும்.

படத்தை நம்பித்தான் ஆட்கள் பாறையைக் குடைகிறார்கள். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவிகிரீக் சுரங்கத்தில், நீர் நிறைந்த பழைய சுரங்கம் இன்னும் தொலைவில் இருப்பதாகக் காட்டிய வரைபடத்தை வைத்துக்கொண்டு வெட்டினார்கள். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சிக்கிய ஒன்பது பேரும் மூன்று நாட்களுக்கு மேல் உள்ளே கிடந்து, உயிரோடு மீட்கப்பட்டார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

மருமகனுக்கு நான் சொன்னது இரண்டு. அளக்கும் நேரத்தில் காற்றோட்ட அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, குண்டைக் காற்றிலிருந்து மறைக்க வேண்டும். அந்தக் குட்டைக் கோட்டில் மூன்று முக்காலிகளை வைத்து, முக்காலியை அசைக்காமல் கருவியையும் பிரிஸத்தையும் மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். அப்போது நிறுத்தும் இடம் மாறுவதற்கே வழியில்லை. முதலாவதைச் செய்த உடனே வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியதாம். மூன்றாவது முக்காலிக்கு ஸ்டோரில் ஒப்புதல் இன்னும் வரவில்லை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்.