நள்ளிரவு சிப்ஸும் தேர்வு வாரமும்

ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டலில் சிப்ஸ் பாக்கெட் பிரிகிறதென்றால், ‘தீனிக்கு அடிமையாகிவிட்டோமோ’ என்று பயப்படும் முன், முதலில் தூக்கக் குறைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை 2 இரவுகள் தலா 4 மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. 10 மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட்டால், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைவு, பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் அதிகம்.

மெஸ்ஸில் ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு விடிய விடியப் படித்தால் பசிக்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் தீனிக்கு அடிமையாவது இல்லை. பத்து மணிக்கு ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ போதும். காபி, டீ மாலை 4 மணியோடு சரி. உடம்பில் காஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும்.

வயிறு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மட்டும் கதை வேறு. பட்டினி கிடந்து சரிக்கட்டாதீர்கள், அடுத்த வெறி இன்னும் பெரிதாக வரும். கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள்.