மரப்பாலம் சிக்னலும் மச்சான் கேட்ட கேள்வியும்

மின்சாரக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நடுவழியில் நின்றால் என்ன பண்ணுவ?"

நேற்று மச்சானையே பக்கத்தில் உட்கார வைத்து புதுச்சேரிக்கு ஓட்டினேன். கிளம்பும்போது சார்ஜ் 64 சதவீதம். அரியாங்குப்பம் வரை வழக்கம்போல ஊர்ந்து, முருங்கப்பாக்கம் தாண்டி, மரப்பாலம் சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் நகரவில்லை. இடது பக்கம் நூறடி ரோட்டுக்குத் திரும்ப வேண்டியவர்களை, நேரே முதலியார்பேட்டை போகிற பஸ் அடைத்து நிற்கிறது. இடது பக்கம் தனியாக ஒரு வழி பிரித்துவிட யாருக்கும் தோன்றவில்லை. எதிர்த்திசையில் வந்த ஸ்கூட்டர்காரர் நம்மையே முறைக்கிறார்!

"ஏசி ஓடுதே மாமா, சார்ஜ் இறங்கிடுமே?" என்றார் மச்சான். திரையைக் காட்டினேன். 57. நின்றால் மோட்டாருக்கு வேலையில்லை, ஏசிக்கு மட்டும் கொஞ்சம் போகும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பியும் வரும். நெரிசலைவிட நெடுஞ்சாலையில் நூறில் விரட்டினால்தான் வேகமாகக் குறையும். அவர் நம்பவில்லை.

அடுத்து வெள்ளம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியதைப் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி மூடியதுதான், ஆனாலும் வெள்ளத்தில் நான் காரை இறக்க மாட்டேன். டீசல் காரையும் இறக்க மாட்டேன், அது வேறு.

என் குறை சார்ஜர்தான். போன வாரம் செயலியில் 'காலி' என்று காட்டிய இடத்துக்குப் போனால், பிளக்குக்கு முன்னால் ஒரு பெட்ரோல் கார். ஓட்டுநர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை மட்டும் மச்சானிடம் சொல்லவில்லை.