பூட்டிய வீட்டுத் திண்ணையில் கஞ்சா: மனுவோடு என்ன வைக்க வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால்தான் கதவு திறக்கும். மற்ற ராத்திரிகளில் முகப்புத் திண்ணையும் பின்கட்டும் வேறு ஆட்கள் வசம். தெருவே கூடி, "இங்கே கஞ்சா விற்கிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்று கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கிறது. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே இருப்பது இரண்டு வழக்கு. கஞ்சா வைத்திருந்தது, விற்றது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வரும். பொருளைக் கைப்பற்றி, எடை போட்டு, நடுவர் முன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 1 கிலோவுக்குள் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. இது முழுக்கப் போலீஸ் வேலை. பொட்டலம் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். எடுத்தால் அது உங்கள் கையில் இருந்த பொருளாகிவிடும். இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

பொதுத்தொல்லை வேறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) தொல்லையை நீக்கும்படி கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். பொதுவழியில், ஊருணிக்கரையில் ஜனங்கள் நடமாட முடிகிறதா என்பதே அங்கே கேள்வி. புகைத்தது கஞ்சாதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், எத்தனை பேர், வண்டி எண், என்ன நடந்தது, நேரில் பார்த்தது யார். அன்று ராத்திரியே எழுத வேண்டும். "தினமும் தொல்லை" என்று எழுதுவது வீண். நாலைந்து வீட்டார் தனித்தனியாக, அவரவர் வார்த்தையில் எழுதுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது படித்ததுமே தெரிந்துவிடும். ஒரே வீட்டிலிருந்து வந்தால் அக்கம்பக்கத்துச் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கேமரா பதிவு இருந்தால் அந்த வாரமே நகல் எடுங்கள், கருவி பழையதை அழித்துக்கொண்டே போகும். கருவியின் கடிகாரம் எத்தனை நிமிஷம் முன்பின் ஓடுகிறது என்றும் குறித்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின் சான்றிதழ், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தில் எடுத்த நேரம் தங்காது. எடுத்த போனை அப்படியே வையுங்கள்.

வீட்டுக்காரரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போதைப்பொருள் சட்டம் 25-வது பிரிவு, தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளரைத் தண்டிக்கும். "தெரிந்தே" என்பதுதான் அங்கே சிக்கல். ஒப்புகையோடு தபாலில் ஒரு கடிதம் போய்விட்டால், தெரியாது என்று பிறகு சொல்வது கடினம். எட்டுப் பங்காளி என்றால் எட்டுக் கடிதம், வீடு பார்க்கிறவருக்கும் ஒன்று. அநேகமாக அந்தக் கடிதத்துக்கே பின்கதவுக்குப் பூட்டு வந்துவிடும்.

பெயர் வெளியே வருமோ என்ற பயம் நியாயமானது. போலீசுக்குக் கொடுத்த தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியை வற்புறுத்த முடியாது; போதைப்பொருள் சட்டம் 68-வது பிரிவு காக்கும். கோட்டாட்சியர் முன் அந்தக் காப்பு இல்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை உண்டு. 90 நாளில், நீட்டித்தால் 120 நாளில் முடிக்க வேண்டும். எந்த இரண்டு மூன்று பேர் கூண்டில் ஏறுவார்கள் என்பதை மனு எழுதும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.