ஓர் ஆட்சியின் கோப்புகளோடு

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பதவிக்காலம் முடிந்து 1969 ஜனவரியில் வெள்ளை மாளிகையை விட்டு டெக்சாஸுக்குத் திரும்பியபோது, அவருடைய ஐந்து ஆண்டு ஆட்சியின் காகிதங்களும் பெட்டி பெட்டியாக அவரைத் தொடர்ந்து வந்தன. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1971 மே மாதம் திறக்கப்பட்ட, அவர் பெயரிலான நூலகத்தில், பின்னர் வந்து சேர்ந்தவற்றையும் கணக்கில் எடுத்தால், ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை வகைப்படுத்தி, பட்டியலிட்டு, ஆய்வாளர்கள் கையில் கொடுக்கும் பணியில் என் வாழ்வின் நல்ல ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டேன். அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் நின்று பார்ப்பவர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு தளங்களில் அடுக்கிய சிவப்புப் பெட்டிகளும் அவற்றின் பொன்னிற முத்திரையும் தெரியும். அந்தக் காட்சியின் கம்பீரத்தைப் பார்த்தவர்கள் உள்ளே என்ன ரகசியம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். உள்ளே வேலை பார்க்கும் எங்களுக்கோ ரகசியத்தைவிட வரிசையே பெரிய கவலையாக இருந்தது. எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் இருந்தது, எதனோடு எது இணைக்கப்பட்டிருந்தது, யார் மேசையிலிருந்து யார் மேசைக்குப் போனது என்பவை கலைந்துவிட்டால், நாலரைக் கோடிப் பக்கங்களும் அப்படியே இருந்தும் ஆட்சி காணாமல் போய்விடும்.

இந்தக் காகிதங்கள் பொதுச்சொத்து என்ற எண்ணம் நாம் நினைப்பதைவிடப் புதியது. ஜார்ஜ் வாஷிங்டன் காலம் தொட்டு, ஓர் அதிபரின் அலுவல் காகிதங்கள் அவருடைய சொந்த உடைமை என்றே கருதப்பட்டுவந்தன. அவர் எடுத்துக்கொண்டு போகலாம், வாரிசுகளுக்கு விடலாம், எரிக்கவும் செய்யலாம். மில்லார்ட் ஃபில்மோரின் மகன் தந்தையின் காகிதங்களை எரித்துவிடும்படி உயில் எழுதிவைத்தார். ஆபிரகாம் லிங்கனின் காகிதங்களை அவர் மகன் ராபர்ட், தான் இறந்து 21 ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைத்தார். உள்நாட்டுப் போரை நடத்திய அதிபரின் கடிதங்களை நாடு 1947-இல்தான் முழுமையாகப் பார்த்தது. தம் காகிதங்களைத் தாமே முன்வந்து அரசிடம் கொடுத்து, தம் ஊரான ஹைட் பார்க்கில் அவற்றுக்கென ஒரு நூலகமும் எழுப்பிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான் வழியை மாற்றினார். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழிக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. ஆனாலும் அது கொடையாகவே இருந்தது, கடமையாகவில்லை. நிக்சன் பதவி விலகியபின், வெள்ளை மாளிகை உரையாடல்களைப் பதிந்த தம் ஒலிநாடாக்களைக் காலப்போக்கில் அழித்துவிட வழிசெய்யும் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டபோதுதான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 1974 டிசம்பரில் அவருடைய ஆவணங்களை மட்டும் அரசின் வசம் கொண்டுவரும் சட்டமும், 1978-இல் இனிவரும் அதிபர்கள் எல்லாருடைய ஆவணங்களும் மக்களுடையவை என்ற சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் 1981 ஜனவரி 20 அன்று, ரீகன் பதவியேற்ற நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆகவே நான் கையாண்டவை சட்டம் பறித்து வைத்தவை அல்ல, ஒருவர் எழுத்து மூலமாகக் கொடுத்தவை. இந்த வேறுபாடு அன்றாட வேலையிலேயே தெரியும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி ரீகனின் கோப்புகளைக் கேட்கலாம். ஜான்சன் கொடையாக அளித்த கோப்புகளை அந்தச் சட்டத்தின்படி கேட்க முடியாது, கொடைப் பத்திரத்தின் சொற்களே அங்கே ஆளும்.

ஒரு பெட்டியை முதன்முதலாகத் திறக்கும் வேலை பெரும்பாலும் துருவோடு தொடங்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இறுகிக் கிடந்த ஸ்டேப்ளர் பின்னும் காகிதக் கவ்வியும் தாளில் செம்பழுப்புத் தடம் பதித்திருக்கும். மெல்லிய தட்டை உலோகத் தகடு ஒன்றைப் பின்னின் காலுக்கு அடியில் நுழைத்து, தாள் கிழியாதபடி ஒவ்வொரு காலாக நிமிர்த்தி எடுக்க வேண்டும். எடுத்த பின்னைக் குப்பையில் போடலாம். ஆனால் அந்தப் பின் சொன்ன செய்தியைப் போடக்கூடாது. நான்கு தாள்கள் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன என்றால் அந்த நான்கும் ஒரே நேரத்தில் ஒருவர் கையில் இருந்தன என்று பொருள். எனவே பின் போனாலும் அந்த நான்கும் பிரியாமல் இருக்க ஏற்பாடு செய்துவிட்டே அடுத்த தாளுக்குப் போவோம். அந்தக் காலத்து நகல்களில் எனக்கு மிகவும் கலக்கம் தந்தவை வெப்பத்தால் எடுக்கப்பட்ட தெர்மோஃபாக்ஸ் பிரதிகள். அவை ஆண்டுக்கு ஆண்டு கருத்து, பழுப்பேறி, விரலால் தொட்டால் ஓரம் உதிரும் நிலைக்கு வந்துவிடும். எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமாகிவிடுவதற்குள் அமிலமில்லாத தாளில் நகலெடுத்தாக வேண்டும். பல அலுவலகங்களில் தட்டச்சர் கார்பன் வைத்து எடுத்த வெங்காயத்தோல் தாள்தான் ஒரு கடிதத்தின் ஒரே மிச்சமாக நிற்கும். அதில் ஐந்தாம் பிரதி, ஆறாம் பிரதி என்று போகப்போக எழுத்து மங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும்.

இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றிய கோப்புகளை நான் தேடிப் போய்ப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும். கோதுமைக் கப்பல் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘பி.எல். 480’ என்பது ஒரு சட்டத்தின் எண் என்பதே பின்னாளில்தான் தெரியும். 1954-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவின் உபரித் தானியம் ரூபாய் விலைக்கு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1965 நடுவில் நடப்பு ஒப்பந்தம் முடிந்தபோது, ஜான்சன் பல ஆண்டுகளுக்கான புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. சில மாதங்களுக்குத் தேவையான அளவை மட்டும், அதையும் கடைசி நேரத்தில், ஒவ்வொரு முறையும் தாமே பார்த்து விடுவிக்கத் தொடங்கினார். வேளாண்மைக்கு டெல்லி அதிகம் முதலிட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வியட்நாம் பற்றி இந்தியா பேசியதால் வந்த எரிச்சலும் அதில் கலந்திருந்தது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. 1966-67-இல் பீகாரில் பஞ்சம் வந்தது.

அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் இந்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் 1965 நவம்பரில் ரோம் நகரில் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உர உற்பத்தி, உயர்விளைச்சல் விதை, உழவருக்கு ஊக்கம் தரும் விலை, வேளாண்மைக்குக் கூடுதல் ஒதுக்கீடு ஆகியவற்றை இந்தியா செய்யும் என்பது அதன் சாரம். இதை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், வல்லரசு ஒன்று வறிய நாட்டின் கையை முறுக்கிக் கொள்கையை மாற்ற வைத்தது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினால், பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் குடும்பத்திலிருந்து போன அந்த அமைச்சர், அதே மாற்றங்களுக்காக ஏற்கெனவே தம் அமைச்சரவைக்குள் நிதித்துறையோடும் திட்டக்குழுவோடும் போராடிக்கொண்டிருந்தார் என்பதை வாஷிங்டன் அறிந்தே இருந்தது என்பது விளங்கும். டெல்லியிலிருந்து வரும் தந்திகளும் வெள்ளை மாளிகை ஆலோசகர் ராபர்ட் கோமர் எழுதிய குறிப்புகளும் அவரை நம்பத்தக்க மனிதராகவே பார்க்கின்றன. ரோமில் எழுதிக் கொடுத்தவற்றுள் பல, அவர் தம் நாட்டில் வாதாடி வந்தவையே. வெளியிலிருந்து வந்த அழுத்தத்தை உள்நாட்டு வாதத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் அவர் என்பது என் எண்ணம். ஒரு தாளில் கிடைக்காத அந்த எண்ணம், தாள்கள் இருந்த வரிசையில் கிடைத்தது.

அதே வரிசை ஜான்சனுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது. அதிபருக்குப் போகும் குறிப்பின் அடியில் ஒப்புதல், மறுப்பு, நேரில் பேசவும் என்பன போன்ற தேர்வுகளும் அவற்றுக்கு எதிரே கோடுகளும் தட்டச்சாகியிருக்கும். அவர் இரவில் படுக்கையில் வைத்துப் படித்து அந்தக் கோட்டில் குறியிடுவார். சில குறிப்புகளில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்; சிலவற்றில் குறியே இராது. அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ரோஸ்டோ தம் குறிப்புகளில் நாளோடு மணியையும் இடுவது வழக்கம் என்பதால், ஒரு முடிவு எத்தனை மாலைகள் தள்ளிப்போனது என்பதையும் அறிய முடிகிறது. 1966 ஆகஸ்ட் முதல் 1967 பிப்ரவரி வரையிலான இந்தியப் பஞ்சத்தைப் பற்றித் தேசியப் பாதுகாப்பு மன்ற அலுவலர்களே ஆவணங்களைத் தொகுத்து ஒரு தனி வரலாறாக வைத்திருக்கிறார்கள். அதைப் புரட்டும்போது, தானியம் வாங்கிக் கப்பலேற்றி இந்தியத் துறைமுகம் சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், இடையில் நிறுத்தினால் அந்த இடைவெளி பின்னால் ஒரு மாதத்தில் வெறும் துறைமுகமாகத் தெரியும் என்று அவருடைய ஆட்கள் மீண்டும் மீண்டும் எழுதியிருப்பது தெரிகிறது. அமைச்சர்கள் பரிந்துரைத்தும் அவர் அந்த இலையுதிர்காலத்தில் அசையவில்லை. பருத்திக் காட்டு டெக்சாஸிலிருந்து வந்த போஜ் உள்ளிட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களை இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். டிசம்பர் பிற்பகுதியில்தான் ஒன்பது இலட்சம் டன்னை விடுவித்தார். முந்தைய மாதங்களில் அமெரிக்கக் கோதுமை விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்களவுக்கு இந்தியாவுக்கு அனுப்பியவரும் இவரே என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் பீகாரின் நிலைமை மேசையில் இருந்தபோது அந்தக் காத்திருப்பை நியாயப்படுத்தும் தாள் எதையும் நான் அந்தப் பெட்டிகளில் காணவில்லை.

இப்படிப் படிப்பதற்கு உதவும் இன்னொன்று, காணாமல் போன தாளின் தடம். பாதுகாப்புக் காரணத்துக்காகவோ, உயிரோடிருக்கும் ஒருவரின் அந்தரங்கத்துக்காகவோ ஓர் ஆவணத்தை எடுத்து வைக்க நேர்ந்தால், அதை எடுத்துவிட்டு எதுவும் நடவாததுபோல் கோப்பை மூட எங்களுக்கு அனுமதி கிடையாது. கோப்பின் முன்பக்கத்தில் ஒரு விலக்கல் தாள் வைக்க வேண்டும். ஆவணத்தின் வகை, யார் யாருக்கு எழுதியது, பொருள், பக்கங்கள், நாள், எந்த விதியின்கீழ் விலக்கப்பட்டது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். படிக்க வந்தவர்கள் இந்தத் தாளைக் கண்டதும் முகம் வாடி அடுத்த கோப்புக்குப் போய்விடுவார்கள். பழகிய ஆய்வாளர்கள் மட்டும் அதை முதலில் நகலெடுத்துக்கொள்வார்கள். இந்த நாளில், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, மூன்று பக்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது என்று அரசே எழுதிக் கொடுத்த ஒப்புதல் அல்லவா அது. அதை வைத்துக்கொண்டு மறுபரிசீலனை கேட்கலாம்; கேட்டால், ஆவணத்தை உருவாக்கிய துறைக்கு அது அனுப்பப்பட்டு, முழுமையாகவோ சில வரிகள் மறைக்கப்பட்டோ திரும்பி வரும். ஆண்டுகள் ஆகலாம். ஒரே குறிப்பின் இரண்டு நகல்கள் இரண்டு கோப்புகளில் இருந்து, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கண்கள் பார்த்ததால் ஒன்றில் மறைத்தது மற்றொன்றில் திறந்திருப்பதும் உண்டு. மறைத்த வரி பெரும்பாலும் எவரையும் உலுக்கும்படி இராது. ஒரு தூதர் ஒரு தலைவரைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொல்லாகவோ, தகவல் வந்த வழியாகவோ இருக்கும். மறைக்கும் அதிகாரம் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். மறைத்ததை எழுதி வைக்கும் கட்டாயம் அதைவிட வேண்டும்.

ஜான்சனின் தொலைபேசி உரையாடல்கள் பற்றியும் ஒரு சொல். டிக்டாபெல்ட் எனப்படும் நெகிழிப் பட்டைகளில் பதிவான அவை, தாம் இறந்து 50 ஆண்டுகள் மூடியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் இறந்தது 1973 ஜனவரியில். பட்டைகள் அவ்வளவு காலம் தாங்குமா என்ற கவலையோடு இயக்குநர் ஹாரி மிடில்டன் 1990-களின் தொடக்கத்திலேயே அவற்றைத் திறக்கச் செய்தார். கென்னடி படுகொலை ஆவணங்களைத் திறக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் கதவைத் தள்ளியது. கொடையாளரின் விருப்பத்தை மீறலாமா என்று இத்தொழிலில் இருப்பவர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். மிடில்டன் செய்தது சரியென்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்க முடியாமல் போன ஒலியால் கொடையாளரின் விருப்பமும் நிறைவேறாது.

இப்போது பணியில் சேரும் இளையவர்களுக்குத் துருப்பிடித்த பின் இல்லை. ஒபாமா ஆட்சியிலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தவற்றுள் ஏறத்தாழ 30 கோடி மின்னஞ்சல்கள் இருக்கின்றன. அவற்றை ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து படித்து முடிக்க முடியாது. தேடுபொறியின் சொல்லுக்கு அகப்படுவதே முதலில் வெளியே வரும். சொல் அகப்படுத்தும் கடிதத்துக்கு முன்னும் பின்னும் எவை இருந்தன, யார் பதில் எழுதாமல் விட்டார், எந்த இணைப்பு எதனோடு போனது என்பதை யார் காப்பார்கள் என்ற கேள்வியை அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

ஆஸ்டினின் இந்தியக் கோப்புகளுக்கு அமெரிக்க ஆய்வாளர்களும் டெல்லியிலிருந்து வருபவர்களும் வந்து போவதைப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மிகக் குறைவு. சுப்பிரமணியத்தைப் பற்றியோ, 1960-களின் அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றியோ எழுதுபவர்கள் இவற்றைப் பார்க்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, கட்டணமும் இல்லை. கோப்புப் பட்டியல்கள் நூலகத்தின் வலைத்தளத்தில் இருக்கின்றன. எந்தப் பெட்டி வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஆவணக் காப்பாளர் ஒருவர் பதில் எழுதுவார். வாசிப்பறையில் பென்சில் மட்டுமே அனுமதி. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலும் ஒரே ஒரு கோப்பு மேசைமேல் இருக்கலாம். எடுத்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகிவிட்டு, பார்த்து முடித்ததும் அந்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். விலக்கல் தாள் கண்ணில் பட்டால் கடந்துபோகாமல், அன்றே மறுபரிசீலனை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்கும் குடியுரிமை கேட்பதில்லை.